விடுவிக்கும் வார்த்தை

மெத்தைக்கடைக்கும் என் மோட்டார் வைண்டிங் கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகை. அந்தப் பக்கம் பஞ்சு அடிக்கும் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் என் மேசையில் திருகாணியெல்லாம் ஆட்டம் போடும். தூசி வேறு. இடுக்கு வழியாக வந்து, வார்னிஷ் பூசிக் காயவைத்த காயிலில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மோட்டாருக்கும் தாடி முளைத்துவிடும். இதற்காக மெத்தைக்காரரோடு நான் போடாத சண்டை இல்லை. சண்டை முடிந்ததும் அவரே டீ வாங்கித் தருவார். குடித்துவிட்டு மறுநாள் மறுபடி ஆரம்பிப்பேன்.

அந்த மனுஷர் ஒரு நாள் காலையில் உறைத்துணி வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. வாழ்நாள் முழுக்க யார் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் முடியாது" என்று பேச்சைத் தொடங்கிய ஆளுக்கு இப்படி ஒரு தண்டனை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் வைண்டிங் தம்பி. இரண்டு பேருமாகத்தான் அந்தக் கடையை நடத்தினார்கள். மெத்தை வேலையில் கடைசித் தையலை ஒருவராகச் செய்ய முடியாது. பஞ்சு நிரப்பிய மெத்தையை உயரமான மரச்சட்டத்தில் கிடத்தி, மேலே நிற்பவர் நீள ஊசியைக் குத்தி இறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர் அதைப் பிடித்து, விரற்கடை தள்ளி, மேலே திருப்பி அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர் முடிச்சுப் போடுவார். நடுவில் அத்தனை பஞ்சு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, மெஷின் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இழு. இரண்டு தட்டு என்றால் இல்லை, இடம் தப்பு. மெத்தைத் தொழிலில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

வாய் போன பிறகு அவர் அக்காவிடம் இப்படித்தான் பேசினார். அவளுடைய உள்ளங்கையில் இடது விரலால் தட்டுவார். வாய் பாட்டுக்கு "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கும், விரல் இரண்டு தட்டும். அக்கா விரலைத்தான் நம்புவாள். கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் குடையும் பையுமாக ஒரு அம்மா என் கடை வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தொட்டிருப்பார். புடவை ஓரமெல்லாம் சேறு.

"மெத்தைக்கடை இதுங்களா?"

"பக்கத்துக் கடை. ஒத்தை மெத்தையா, ரெட்டையா?"

"மெத்தை வாங்க வரலைங்க. அவரைப் பாக்கணும்."

"நீங்க யாரு, சொந்தமா?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மழையில் வந்து நின்று விடுகதை போடுகிறாரே என்று நினைத்தேன். அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. அந்த அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மெதுவாக மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். பல வருஷத்துக்கு முன்னால், மெத்தைக்காரரோடு தீர்ப்பு நகல் வாங்கப் போனபோது, கோர்ட் வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அது போதுமாக இருந்திருக்கிறது.

"உள்ள வாங்க. தம்பி, நீயும் வா" என்றாள் அக்கா. என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று அப்போது புரியவில்லை. தனியாக உட்கார்ந்து கேட்கப் பயந்திருக்கிறாள்.

வந்தவர் மெத்தைக்காரரின் முதல் மனைவி. இவரும் மெத்தைக்காரரும் ஒரே மதம். மெத்தைக்காரர் தொழில் கற்றுக்கொண்டதே இவருடைய அப்பா கடையில்தான். கல்யாணம் நான்கைந்து வருஷம்கூட ஓடவில்லை, கோர்ட் பிரித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் இந்த ஊருக்கு வந்ததும், வேற்று மதக்காரியான அக்காவைப் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டதும். முதல் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ரொட்டி கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு ஊருக்கும் போய்வருகிற பஞ்சு வியாபாரி அவரிடம் செய்தி சொல்லியிருக்கிறார். நான் அவரை ரொட்டிக்காரம்மா என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "கோர்ட்டுல பிரிச்சு விட்டாச்சு. எனக்கும் தெரியும். ஆனா எங்க பிரார்த்தனைக் கூடத்துல அது செல்லாது. பெரியவங்க ரெண்டு பேர் முன்னால புருஷன் தானா, 'இவ என் மனைவி, இவளை விட்டுட்டேன்'னு சொல்லணும். அதுவரைக்கும் நான் அவரு பொண்டாட்டிதான்."

"அவருக்குத்தான் கூடம், சாமி எதுவும் கிடையாதே" என்றாள் அக்கா.

"அவருக்குக் கிடையாது. எனக்கு இருக்கே."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவை ஆள் விட்டேன். 'ஜட்ஜு சொல்லியாச்சு, அப்புறம் தாடிக்காரங்க முன்னால வேற நான் ஒப்பிக்கணுமா? அதெல்லாம் முடியாது'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

அந்த "அதெல்லாம் முடியாது" எங்கள் மூன்று பேர் காதிலும் அவர் குரலிலேயே கேட்டது. என் வாய் சும்மா இருக்காதே. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் கைவிரிச்சுட்டாரு. கொஞ்ச நாள் பொறுத்தா தானாவே..." என்று இழுத்தேன்.

"அதனாலதான் தம்பி அவசரமா ஓடி வந்தேன்" என்றார் ரொட்டிக்காரம்மா.

அக்கா எழுந்து நின்றாள். "நேத்து வரைக்கும், இன்னைக்கு வரைக்கும் நீங்க அவரு பொண்டாட்டின்னா, நான் யாருங்க? அதை மட்டும் சொல்லுங்க. இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் யாரா இருந்தேன்?"

"அது உங்க கையெழுத்து..."

"என் கையெழுத்தை நீங்க மதிக்கலல்ல. மதிச்சா இங்க வந்திருக்க மாட்டீங்க. படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்ட ஒண்ணும் கேக்க விட மாட்டேன். மழை விட்டதும் கிளம்புங்க."

மழை விடவில்லை. அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போனார். எனக்கு அக்கா பக்கம்தான் மனசு நின்றது. காரணம் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர்களுக்கு, பெரியவர்கள் கூடாமல், தெய்வத்தின் முன்னால் நடக்காமல், மேசைமேல் குனிந்து போட்ட கையெழுத்து ஒரு கல்யாணமே இல்லை. அவள் அம்மா சாகும்வரைக்கும் "அந்த ஆளோட இருக்கா" என்றுதான் சொன்னாராம். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று ஒரு தடவைகூட வாய் தவறிச் சொல்லவில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே பிடி அந்தக் கையெழுத்து. அதையும் ஒருத்தி குடையோடு வந்து அசைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ரொட்டிக்காரம்மா ஊருக்குத் திரும்பவில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாளும் வந்தார்.

அன்றைக்கு அக்காவுக்குத் தலைக்குமேல் வேலை. மாணவர் விடுதி ஒன்றுக்கு மெத்தைகள் போயாக வேண்டும். கீழே உட்கார்ந்து ஊசி பிடிக்க ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். நான் கம்பி சுற்றுகிறவன். ஊசி எங்கே இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முகமெல்லாம் பஞ்சு விழ, வாயில் பஞ்சைத் துப்பிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன்.

"விரலை அங்க வெக்காதீங்க தம்பி, ஏறி..." என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவர் முடிப்பதற்குள் நான் கத்திவிட்டேன்.

ரொட்டிக்காரம்மா பையை ஆணியில் மாட்டிவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு, "எந்திரிங்க" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எங்கேயோ பார்த்தாள். விடுதிக்காரன் சாயங்காலம் வண்டியோடு வந்து நிற்பான். நான் எழுந்தேன், அவர் உட்கார்ந்தார்.

விரலைக் கட்டிக்கொண்டு என் கடையில் உட்கார்ந்தேன். பலகை வழியாக எல்லாம் கேட்டது. ஊசி இறங்கும் சத்தம், நூல் இழுபடும் சத்தம், ஒரு தட்டு. இறங்கும், இழுபடும், ஒரு தட்டு. இரண்டு தட்டு வரவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு மெத்தை முழுக்க இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் அண்ணன், சித்தி, மாமா என்று ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிட்டுவிடுவது நம் வழக்கம். இவர்களுக்கு மட்டும் வழியில்லை. அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டால் ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்று ஆகிவிடும்.

இரண்டாவது மெத்தையில் அக்காதான் ஆரம்பித்தாள். "ஏங்க, இப்ப என்ன அவசரம்? இத்தனை வருஷம் இருந்தீங்கல்ல?"

கீழேயிருந்து பதில் வந்தது. "எங்க கம்பெனியில அடுப்பு பாக்கிறவரு ஒருத்தரு. சம்சாரம் தவறிப்போச்சு. என்னைக் கேட்டாரு."

"கட்டிக்கிறேன்னு சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? எனக்குத்தான் புருஷன் இருக்காரே."

ஊசி இறங்கியது. ஒரு தட்டு.

"அதுக்காகவும் ஓடி வரலைங்க" என்றார் ரொட்டிக்காரம்மா. "ரொட்டியை எண்ணி அடுக்கிட்டு இருந்தேன். பஞ்சு வியாபாரி வந்து, இந்த மாதிரி விழுந்துட்டாரு, பிழைக்கிறது கஷ்டம்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க."

அக்கா ஊசியை நிறுத்தினாள் போலிருக்கிறது.

"கொஞ்ச நேரம்தான். ஆனா இருந்துச்சு. மறுநாள் காலைல எந்திரிச்சதும் முத நினைப்பு, போயிட்டாரா இருக்குமோன்னு. அதுக்கு மறுநாளும் அதேதான். நான் அப்படிப்பட்டவ இல்லைங்க. ஒரு மனுஷன் எப்ப சாவான்னு தினம் எந்திரிச்சு எதிர்பார்த்துட்டு, சாமி முன்னால போய் எப்படி நிக்கிறது? அவரு செத்து எனக்கு விடுதலை வேண்டாம். உசுரோட இருக்கும்போதே விட்டுட்டார்னா, அவரு நல்லா இருக்கணும்னு நானும் மனசார வேண்டிக்கலாம்."

நான் கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டேன். முந்தின நாள் அவரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேனோ அதெல்லாம் என் மேசைமேலேயே கிடந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த மெத்தை முடிந்த பிறகுதான் அக்காவின் குரல் வந்தது. "உங்க பெரியவங்க எப்ப வருவாங்க?"

கூடத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் அந்த வாரமே வந்தார்கள். ஒருவர் நெட்டை, அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் கண்ணாடிக்காரர், சாந்தமான முகம். நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். திட்டித் தீர்க்கலாம் என்று தயாராக இருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அக்கா கட்டில் விரிப்பை மாற்றி, அவருக்குச் சவரம் செய்துவிட்டிருந்தாள். வெளியே தூறல். கட்டிலுக்கு ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் ரொட்டிக்காரம்மா, கால்மாட்டில் பெரியவர்கள். நான் தலைமாட்டில்.

மெத்தைக்காரர் ரொட்டிக்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் பழைய கண்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் கண்ணாடிக்காரர். "இவங்க உங்க மனைவி. உங்க முழு சம்மதத்தோட இவங்களை விடுவிக்கிறீங்களா?"

"சரி" என்றார் மெத்தைக்காரர், பளிச்சென்று.

ரொட்டிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கண்ணாடிக்காரர் விவரமானவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இப்ப ராத்திரி தானே?" என்றார்.

"சரி."

"நான் உங்க தகப்பனார் தானே?"

"சரி."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது ஆகாதும்மா. அவரு மனசறிஞ்சு சொல்லணும். வாயால முடியலைன்னா எழுதிக் காட்டலாம், தெளிவா ஒரு சைகை காட்டலாம். இப்படி எல்லாத்துக்கும் சரின்னா நாங்க எப்படி ஏத்துக்கறது?"

ரொட்டிக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அப்போது சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றிருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள், கதை முடிந்திருக்கும். அவளையும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

"அவரு என் கையில தட்டிச் சொல்லுவாருங்க" என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரர் சோதித்துப் பார்த்தார். வெளியே மழையா, வெளியே வெயிலா, மெஷின் இந்த மூலையிலா, கடைக்குப் பெயர் வைத்தது அவரேதானா என்று வரிசையாகக் கேட்டார். அக்கா கையை விரித்து வைத்து ஒவ்வொன்றையும் வாங்கிச் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. "அறிவு தெளிவா இருக்கு. நீங்களே கேளுங்கம்மா. ஆனா முறைப்படி கேக்கணும். முதல்ல மனைவின்னு சொல்லணும், அப்புறம் விடுவிக்கிறீங்களான்னு கேக்கணும்."

அக்கா உள்ளங்கையை மறுபடி அவர் விரலுக்கு அடியில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்தேன்.

"ஏங்க, இங்க பாருங்க. இதோ நிக்கிறாங்களே, இவங்க உங்க சம்சாரம்." அந்த இடத்தில் நிறுத்தினாள். இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "இவங்களை விட்டுடறீங்களா?"

"சரி" என்றது வாய். உள்ளங்கையில் விரல் அசைந்தது. கால்மாட்டில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது. இரண்டு தட்டு.

அக்கா நிமிர்ந்தாள். "விட்டுட்டேன்னு சொல்றாருங்க" என்றாள்.

நெட்டைப் பெரியவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். கண்ணாடிக்காரர் கையைக் கூப்பி ஏதோ பிரார்த்தனையை ஆரம்பிக்க வாயெடுத்தார்.

"நிறுத்துங்க ஐயா" என்றார் ரொட்டிக்காரம்மா. "ரெண்டு தட்டு. நான் பாத்தேன். எங்கப்பா கடையில நான் அதைக் கேட்டுத்தான் வளந்தேன்."

அக்கா புருஷனைப் பார்த்து வெடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் புருஷனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "ஏன்? இன்னும் என்ன வீம்பு உங்களுக்கு? ஒரு பொம்பளையை இப்படிக் கட்டிப் போட்டுட்டு என்னத்தைக் கண்டீங்க? விட்டுடுங்க. நான் சொல்றேன், விட்டுடுங்க!"

"சரி, சரி" என்றார் அவர். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. விரல் அவள் கையில் இரண்டு தட்டியது, மறுபடி இரண்டு தட்டியது. அக்கா கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரியவர்கள் போன பிறகு மெத்தை அடுக்கின் ஓரத்தில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ வாங்கி வந்தேன். வேறென்ன எனக்குச் செய்யத் தெரியும்?

"எதுக்கு அவங்ககிட்ட சொன்னீங்க?" என்றாள் அக்கா. "நான்தான் குடுத்துட்டேன்ல?"

"நீங்க குடுத்தீங்க. அவரு குடுக்கலையே."

"அவரு ஏன் மாட்டேங்கறாருன்னு எனக்குத் தெரியும்ங்க. விடறேன்னு சொன்னா, இத்தனை நாள் நீங்க சம்சாரம்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்ப நான் யாரோன்னு ஆயிடுவேன். எனக்காகத்தான் தட்டறாரு." அக்கா அழ ஆரம்பித்தாள். "எனக்கு நல்லது பண்றதா நினைச்சு உங்களை..."

எனக்கென்னவோ அது பாதிதான் உண்மை என்று பட்டது. மீதிப் பாதி மெத்தைக்காரருடைய பழைய திமிர். எது எவ்வளவு என்று எந்த டாக்டரும் எந்த ஜட்ஜும் சொல்ல முடியாது.

டீயைக் குடித்து முடித்துவிட்டு ரொட்டிக்காரம்மா, "ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சா?" என்றார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு அவள் பதிலை எனக்குத் தெரியும். சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன பதில். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"அன்னைக்கு இல்லைங்க. ஏதோ மின்சார ஆபீசுக்குப் போயிட்டு வந்த மாதிரிதான் இருந்துச்சு. ராத்திரி படுத்து அழுதேன்."

"அப்புறம் எப்ப?"

"எந்த நாள்னு சொல்லத் தெரியல. ஊசியைக் கீழ விடுவேன், பிடிப்பாரு. விடுவேன், பிடிப்பாரு. ஒரு நாள் பாத்தா ஆகியிருந்துச்சு."

ரொட்டிக்காரம்மா பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவரிடம் அக்கா கேட்டாள். "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா சொல்லி அனுப்பட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார் அவர் உடனே. அப்புறம் யோசித்துவிட்டு மறுபடியும் சொன்னார். "வேண்டாங்க. சொன்னா மறுபடி எனக்குச் சந்தோஷம் வந்துடும். எனக்குத் தெரியவே வேண்டாம்."

மெத்தைக்காரர் அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். தனக்கு எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் கூட்டமும் இல்லை. சுடுகாட்டு அலுவலகத்தில் மனைவி என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். பஞ்சு வியாபாரி வந்தபோது, "அந்த ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். வியாபாரி வாயாடிதான், ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்.

குளிர் ஆரம்பித்த பிறகு அவர் மறுபடி வந்தார். மூட்டையை இறக்கி வைத்ததும், "அந்த ரொட்டி கம்பெனி அம்மா அடுப்புக்காரரோட பதிவு ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுடுச்சு" என்றார்.

"எப்ப?" என்றாள் அக்கா.

"மழை விட்டதுக்கு அப்புறம். அதுலேருந்து பாவம், அவங்க ஆளுங்க அண்ட விடறதில்ல. கூடத்துல பேரை எடுத்தாச்சு. அந்தம்மா கையால அடுக்கின ரொட்டியைக்கூட வாங்க மாட்டேங்கறாங்க. புருஷன் உசுரோட இருக்கும்போதே இன்னொருத்தன்கிட்ட போயிட்டான்னு பேசறாங்க. அந்தம்மாவும் அப்படித்தானே நினைச்சுக்கிட்டிருக்கு? என்னால வாயைக் கட்டிக்கிட்டு நிக்கவே முடியலம்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. மழைக்காலத்திலேயே மெத்தைக்காரர் போய்விட்டார். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட நாளில் அவர்கள் கணக்குப்படியே அவருக்குப் புருஷன் கிடையாது. ஒரு தப்பும் இல்லை. அது தெரியாமல் அந்த ஜென்மம் அங்கே தலைகுனிந்து நடக்கிறது.

"அக்கா, ஒரு வார்த்தை போதும்க்கா" என்றேன். "செத்தது எப்பன்னு சொல்லிட்டா நாளைக்கே கூடத்துல சேத்துக்குவாங்க. நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சேத்துக்குவாங்க" என்றாள் அக்கா. "நல்ல வேளை, அவன் செத்துட்டான்னு சொல்லிச் சேத்துக்குவாங்க. அந்தம்மா எதுக்குப் பயந்து மழையில ஓடி வந்தாங்களோ அதையே அவங்க மடியில கொண்டுபோய்க் கட்டச் சொல்றியா?"

"அதுக்காக? ஊரே ஒதுக்கி வெச்சிருக்குக்கா!"

"என்னையும்தான் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. புருஷன் இருக்காருன்னு நினைச்சுக்கிட்டே, அவரு விட்டாலும் சரி, விடாட்டியும் சரின்னு எந்திரிச்சுப் போயிருக்காங்க தம்பி. அதை நான் போய் இல்லைன்னு ஆக்க மாட்டேன். என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூட மீறுவேனா?"

"அப்ப அவங்க சாகறவரைக்கும் பாவம் பண்ணிட்டோம்னே நினைச்சுட்டு இருக்கணுமா?"

அவள் குனிந்து பஞ்சு மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கோபத்தோடுதான் என் கடைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பலகையைத் தட்டிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், வந்த பஞ்சில் நல்லதாகப் பார்த்துப் பிரித்து மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பூராவும் அந்த ஒரு மெத்தைதான். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அளவு. கடைசித் தையலுக்கு நான்தான் கீழே உட்கார்ந்தேன், குத்து வாங்கினேன், திட்டும் வாங்கினேன்.

வியாபாரி வண்டியில் ஏற்றிக் கட்டும்போது கேட்டார். "அடுப்புக்காரர் வீட்டுல இறக்கிடறேன். யாரு குடுத்தனுப்பினதுன்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

அக்கா கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மெத்தைக்காரர் சம்சாரம் குடுத்தாங்கன்னு சொல்லுங்க."